கனமான ஆளுக்குப் போட்ட ஸ்பிரிங்

அப்பா வண்டியை எடுக்கும்போது பின்னால் திரும்பிப் பார்க்கிற வழக்கமே கிடையாது. அம்மா ஏறி உட்கார்ந்ததும் வண்டியின் பின்பக்கம் நாலு விரற்கடை இறங்கும். கூடவே ஸ்பிரிங் 'கிறீச்' என்று கத்தும். அது கேட்டதும் கிளட்சை விட்டுக் கிளம்பிவிடுவார். "ஏறிட்டியா" என்று அவரோ, "ஏறிட்டேன்" என்று அவளோ சொல்லி நான் கேட்டதில்லை. உப்புப் பெறாத விஷயத்துக்கெல்லாம் வாய்ச்சண்டை நடக்கிற எங்கள் வீட்டில் இந்த ஒரு காரியம் மட்டும் பேச்சே இல்லாமல் நடந்தது.

அம்மா கனமான ஆள். அதை மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் அவளே சொல்லிச் சிரித்துவிடுவாள். பந்தியில் அவள் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர் கொஞ்சம் நகர்ந்துகொள்வார். எதிர்வீட்டு அத்தை எருமை வைத்துப் பால் ஊற்றுகிறவர். "என்ன மதினி, நீ ஏறுனா வண்டி அழுவுதே" என்பார். "பெட்ரோல் போடுறது அவிய. வண்டியும் அவியளும் சேந்து அழட்டும்" என்று சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அம்மா கையாட்டிவிட்டுப் போவாள்.

எங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். அப்பாவுக்கு ராஜபாளையத்தில் நூல் மில் வேலை. வருடக்கணக்காக பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஷிப்டுக்குப் போய் வந்தவர், எழுபதுகளின் கடைசியில் இந்த மோட்டார் சைக்கிளைப் பழசாக வாங்கினார். வாங்கும்போதே அதற்கு வயதாகியிருந்தது. வாரநாளில் அது அப்பாவின் வண்டி. ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் வண்டி. சேத்தூரில் இருந்த சித்தி வீட்டுக்கு இரண்டு பேரும் போவார்கள். என்னைக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டாலும் அம்மா உட்கார்ந்தபிறகு அந்த சீட்டில் எனக்கு எங்கே இடம்? எனக்கு அப்போது அது எரிச்சலாக இருந்தது. ஊரில் எல்லாப் பிள்ளைகளையும் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்த்திக்கொண்டு போவார்கள். என் அப்பா அம்மாவோ புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் மாதிரி ஜோடியாகக் கிளம்புவார்கள்.

தொண்ணூறு பிறந்த சமயத்தில் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. மதுரைக்குக் கொண்டுபோனோம். வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே தைத்து அனுப்பினார்கள். அது முதுகுவரை போய்விட்டது என்று டாக்டர் அப்பாவிடம் சொன்னார். அப்பா என்னிடம் சொன்னார். அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. எனக்குக் கல்லூரி முடிந்து, வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்த நேரம் அது. அதனால் கூடவே இருந்து பார்க்கிற வேலை எனக்கு வந்தது.

வாரத்துக்கு ஒருமுறை ராஜபாளையத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி, வலிக்கு ஊசி போட்டு அனுப்புவார்கள். பஸ் வாடை அம்மாவுக்கு ஆகாது, முன்பிருந்தே அப்படித்தான். நோய் வந்தபிறகு கார் கதவைத் திறந்தாலே குமட்டியது. ஒருதடவை வாடகைக் காரில் கூட்டிப்போய், மடவார் வளாகம் தாண்டுவதற்குள் இரண்டு முறை நிறுத்த வேண்டியதாயிற்று. "காத்தோட்டமா வண்டியிலயே போயிருவோம்ங்க. அதுலதான் எனக்குக் கொமட்டாது" என்று அவளே சொன்னாள். ஆகவே அவர்கள் வண்டியில் போனார்கள், நான் பஸ்ஸில் போய் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தேன்.

வண்டியிலும் நிம்மதி இல்லை. ஸ்பிரிங் முழுக்கத் தொய்ந்து போயிருந்தது. பள்ளத்தில் இறங்கினால் கீழே போய் 'ணங்' என்று இடிக்கும். அந்த இடி நேராக அம்மாவின் முதுகில் ஏறும். அந்த ரோட்டில் பள்ளத்துக்கா பஞ்சம்? ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது அவள் முகம் வெளுத்து, உதட்டைக் கடித்த அடையாளம் தெரியும். அப்பா அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒருநாள், குளுக்கோஸ் ஏறி அவள் தூங்கியதும், "வாட்டி, ஸ்பிரிங்கை மாத்திட்டு வந்துருவோம்" என்று என்னைக் கூப்பிட்டார்.

ஒர்க் ஷாப் ஒரு டயர் கடைக்கும் ஆயில் கடைக்கும் நடுவில் இருந்தது. மெக்கானிக்கை எல்லாரும் பாய் என்பார்கள். அப்பாவைவிட இளையவர். வாயில் எந்நேரமும் பாக்கு. பெரிய ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி, பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் இருந்த குழாய்களைக் கழற்றினார். ஒரு ஆள் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்க, மேலே இருந்த பூட்டை உருவி எடுத்தார். பழைய ஸ்பிரிங்கைப் புதியதன் பக்கத்தில் நிறுத்தி வைத்தார். இரண்டு விரல் குட்டையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் சேர்ந்து அதை அப்படி ஆக்கியிருந்தன.

"ரெண்டு தினுசு இருக்குண்ணே. சாதா ஒண்ணு. பால் கேன், மூட்டை ஏத்துறவங்க போடுற தடிச்ச கம்பி ஒண்ணு. பின்னாடி யாரு உக்காருவாக?"

"எங்க வீட்டுல உள்ளவதான். நல்ல கனமா இருப்பா தம்பி. ஒன்னைய மாதிரி ரெண்டு ஆளு கனம்."

நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அன்று காலையில்தான் அம்மாவின் இடுப்பில் ஒரு கையைக் கொடுத்துத் தூக்கி நிறுத்திச் சேலை கட்டிவிட்டிருந்தேன். சேலை இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றியது. ரவிக்கைக்குள் என் கை முழுசாகப் போய் வந்தது. அப்பா பொய் சொல்லவில்லை. தினமும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் அவர், ஆனால் அவர் கண்ணில் பழைய அம்மாதான் இன்னும் உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப தடிச்சதே போட்டுருவோம்" என்றார் பாய். மாட்டி முடித்ததும், "புதுசு மொதல்ல வெறைப்பாத்தான் இருக்கும். கனத்தை ஏத்தி ஏத்தி எறக்குனா பொறவு எளகிக்கிடும்" என்று சொல்லி அனுப்பினார்.

அடுத்த நாளே அப்பா எதிர்வீட்டு அத்தையிடம் போய், எருமைக்கு வாங்கி வைத்திருந்த பருத்திக்கொட்டை மூட்டைகளில் இரண்டை இரவல் வாங்கிவந்தார். வாசலில் வண்டியைப் பெரிய ஸ்டாண்டில் நிறுத்தி, இரண்டு மூட்டையையும் சீட்டில் அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டினார். தெருவே பார்த்தது. நாளைக் காலைவரை இப்படியே நிற்கட்டும், ஸ்பிரிங் வழிக்கு வந்துவிடும் என்று பெருமையாகக் கையைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார். ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்து அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தாங்க, வண்டியை எதுல நிப்பாட்டியிருக்கீக?"

"ஸ்டாண்டுல."

"சக்கரம் தரையில படலை. பாரமெல்லாம் ஸ்டாண்டு தாங்குது. ஸ்பிரிங்கு பாட்டுக்குக் காலை நீட்டித் தூங்குது. அதுக்கு எப்படிக் கனம் தெரியும்?"

மில்லில் இருபது வருடம் மெஷினோடு மல்லுக்கட்டியவர் அப்பா. அசடு வழிய நின்றார். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், வலித்தது, நிறுத்த முடியாமல் மறுபடியும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி. அப்பா மூட்டைகளோடு மம்சாபுரம்வரை வண்டியை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தார். வந்தவர் சட்டையெல்லாம் பருத்திக்கொட்டைத் தூசி.

அடுத்த ஆஸ்பத்திரி நாள் வந்தது. நான் அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து, பக்கவாட்டில் மெல்ல உட்கார வைத்து, சேலையை ஒதுக்கிவிட்டேன். அப்பா வண்டியை ஸ்டார்ட் செய்து தயாராக இருந்தார். கிளம்பவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஏறலையாட்டி?" என்றார், முன்னால் பார்த்தபடியே.

"ஏறி செத்த நேரம் ஆச்சு" என்றாள் அம்மா.

அப்பா திரும்பிப் பார்த்தார். அம்மா அவரைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தாள். எதிர்வீட்டு அத்தை வாளியோடு வாசலில் நின்றவர் சட்டென்று உள்ளே போய்விட்டார்.  "புது ஸ்பிரிங்கு, அப்படித்தான் இருக்கும்" என்று அப்பா யாரும் கேட்காமலேயே சொன்னார். "ஆமா, இன்னும் எளகல" என்று அம்மாவும் சொன்னாள். நானும் தலையாட்டினேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாப் பழியும் ஸ்பிரிங் மேல் விழுந்தது.

அப்பா விடுவதாக இல்லை. ஷிப்டு முடிந்ததும் நேராக ஒர்க் ஷாப்புக்குப் போவார். ஸ்பிரிங்குக்குக் கீழே படிப்படியாக வெட்டிய வளையம் ஒன்று உண்டு. அதைத் திருப்பினால் கெட்டியாகும், எதிர்ப்பக்கம் திருப்பினால் இளகும். பாய் ஒவ்வொரு படியாக இளக்கிக் கொடுத்துக் கடைசிப் படிக்கு வந்துவிட்டார். ஒவ்வொரு வாரமும் அம்மா உட்காருவாள், வண்டி அசையாது, அப்பா காத்திருப்பார், அம்மா "ம்" என்பாள். அந்த "ம்" சொல்ல அவள் பட்ட வெட்கம் எனக்கு மட்டும்தான் தெரியும். தன் உடம்பு எவ்வளவு போய்விட்டது என்று வாரம் தவறாமல் தன் வாயாலேயே புருஷனுக்கு அறிவிக்க வேண்டியிருந்தது அவளுக்கு.

ஒருநாள் பாய், "ஆளு உக்காரும்போது நான் ஒருதரம் பாக்கணும்ணே" என்று ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்தார். நான் அம்மாவைக் கூட்டிவந்தேன். அவர் அம்மாவைப் பார்த்தார். வாயில் பாக்கை மெல்வது நின்றுபோனது. "என்னக்கா, நல்லாருக்கீகளா" என்று கேட்டுவிட்டு, அப்பாவைச் சற்றுத் தள்ளிக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"இது கனமான ஆளுக்குப் போட்டதுண்ணே. இவுகளுக்கு வேண்டாம். மெல்லிசா ஒண்ணு போட்டுத் தாரேன். பஞ்சு மாதிரி போகும்."

"அப்ப அவ கனமில்லாதவளா?" அப்பா சத்தம் போட்டார். மருந்துக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஒனக்கு வேலை தெரியலைன்னு சொல்லு. நேத்துவரைக்கும் மூட்டை கணக்கா இருந்தவ. நீ மாட்டுனதுல கோளாறு. அவ மேல சொல்லுத?"

 அம்மா காதில் அது விழுந்திருக்கும். விழாமல் இருக்க அவள் செவிடு இல்லை.

அதற்கடுத்த வாரம் அம்மா வித்தியாசமாக உட்கார்ந்தாள். எப்போதும் என் தோளைப் பிடித்து மெல்ல இறங்குகிறவள், இந்தத் தடவை என் கையை விலக்கிவிட்டு, பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு, உடம்பைத் தொப்பென்று சீட்டில் போட்டாள். வண்டி ஒரு குலுங்கு குலுங்கிப் பின்பக்கம் லேசாக இறங்கி ஏறியது. அப்பா அந்தக் கணமே கிளட்சை விட்டார். தெருமுனை திரும்பும்போது அவர் தோள் நிமிர்ந்திருந்ததைப் பார்த்தேன். அம்மாவின் முகம் எனக்குத்தான் தெரிந்தது. கண்ணை இறுக மூடி, வாயைத் திறந்து, சத்தம் வராமல் அலறிக்கொண்டு போனாள்.

மாலையில் திரும்பி வந்ததும் அப்பா, "பாத்தியாட்டி, ஸ்பிரிங்கு எளகிருச்சு. நான் சொல்லலை?" என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு நடந்தார். எதிர்வீட்டு அத்தையிடமும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

அவர் குளிக்கப் போனதும் நான் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் இப்படிப் போட்டு உடம்பை அடிக்க? மெல்ல உக்காரக்கூடாதா?"

"அவிய மொகத்தைப் பாத்தியா" என்றாள். "எம்புட்டு நாளாச்சு அந்த மொகத்தைப் பாத்து. நீ சொல்லித் தொலைக்காத."

எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது. இதென்ன பாசம்? ஒருவர் கண்ணைத் திறந்து பார்க்க மாட்டார், இன்னொருத்தி அவர் கண் திறக்காமல் இருக்கத் தன் முதுகை உடைத்துக்கொள்வாள். அதற்கடுத்த வாரமும் அவள் அப்படியே செய்தாள். அன்று மாலை அவளால் கட்டிலில் புரண்டு படுக்கக்கூட முடியவில்லை. மூத்திரம் போகச் சட்டியை வைக்கும்போது என் கையைக் கடித்துவிட்டாள், வலியில், தெரியாமல்.

மறுநாள் காலை அப்பா வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் போய் அவர் முன்னால் நின்றேன். என் சுபாவம் அப்படி. சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தெரியாது.

"ஸ்பிரிங்கு எளகலப்பா. அம்மா வேணும்னே தொப்புனு உக்காருதா. ஒங்களுக்குத் தெரியணும்னு. உயிர் போற வலியோட உக்காருதா."

அப்பாவின் கையில் இருந்த துணி நின்றது. என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன்.  சீட்டின் பின்பகுதியில் உள்ளங்கையை வைத்தார். கொஞ்சம் அழுத்தினார். வண்டி அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். அப்படியே நெடுநேரம் கையை வைத்துக்கொண்டு நின்றார். அம்மாவுக்கு எவ்வளவு கனம் மிச்சம் இருக்கிறது என்று அவர் கை அப்போதுதான் தேடிப் பார்த்தது என்று எனக்குத் தோன்றியது.

அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. "நீயும் வா" என்றார். அவர் பின்னால் உட்கார்ந்து போனேன், எதிர்வீட்டு அத்தை அம்மாவைப் பார்த்துக்கொண்டார். ஒர்க் ஷாப்பில் பாய் எங்களைக் கண்டதும் கொஞ்சம் தயங்கினார். பழைய சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்திருப்பார்.

"மெல்லிசுன்னு ஒண்ணு சொன்னியே தம்பி. அதைப் போட்டுரு" என்றார் அப்பா.

பாய் மறுபேச்சு இல்லாமல் வண்டியைக் கழற்றத் தொடங்கினார். தடித்த ஸ்பிரிங் புதுக்கறுப்பு மாறாமல் வெளியே வந்தது. உள்ளே போய்ச் சின்ன வண்டிக்குரிய ஸ்பிரிங்குகள் நாலைந்தை எடுத்துவந்து தரையில் பரப்பி, எதைப் போடுவது என்று புரட்டிப் பார்த்தார். அதற்குக் கேட்டுத்தான் ஆக வேண்டும். தலையைத் தூக்காமல் கேட்டார்.

"எம்புட்டு கனம் இருப்பாகண்ணே?"

"இல்ல தம்பி" என்றார் அப்பா. "ஒண்ணுமே இல்ல. அவகிட்ட கனமே இல்ல."

சொல்லிவிட்டு அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் உடைந்துபோனார். அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை. பெரிய சத்தமாக, நாலு பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சமில்லாமல் அழுதார். ஆயில் கடைக்காரர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார், பாய் கையாட்டி அவரைப் போகச் சொன்னார். எனக்கு அவர் தோளைத் தொட வேண்டும்போல் இருந்தது, தொடவில்லை. எங்கள் வீட்டில் அப்பாவைத் தொட்டுப் பழக்கமில்லை. அவர் அழுது முடிக்கிறவரைக்கும் பாய் ஸ்பிரிங்கை மாட்டிக்கொண்டே இருந்தார்.

அந்த வார ஆஸ்பத்திரி நாளில், அம்மா கம்பியைப் பிடித்து உடம்பைப் போடத் தயாரானாள். அப்பா முதல்முறையாக எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியிலிருந்து இறங்கினார். அவளுக்கு எதிரே வந்து நின்று, இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மெதுவா உக்காரு. மெதுவா உக்காந்தாலே எனக்குத் தெரியும்."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். சொல்லிவிட்டாயா என்கிற பார்வை. பிறகு மெல்ல, பூப்போல உட்கார்ந்தாள். மெல்லிய ஸ்பிரிங் ஒரு விரற்கடை இறங்கியது. "ஆமா, தெரியுது" என்றார் அப்பா. அம்மா அவர் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்து விட்டாள்.

அதன்பிறகு அவர்கள் அப்படிச் சில வாரங்கள் போய் வந்தார்கள். ராஜபாளையம் ரோட்டில் அப்பா சைக்கிள்காரர்களைவிட மெதுவாகப் போனதாக மில் ஆட்கள் கேலி செய்தார்களாம். ஒருமுறை வெயில் தாழ்ந்த நேரத்தில் சேத்தூர்வரை போய்ச் சித்தியைப் பார்த்துவிட்டும் வந்தார்கள். முதுகில் இப்போது இடிக்கவில்லை என்று அம்மா என்னிடம் சொன்னாள். நோய் மட்டும் அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் குளுக்கோஸ் ஏறும்போதே அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. அன்று அவளை வீட்டுக்கு அனுப்பவில்லை. இரண்டு நாள் கழித்து, ஒரு மத்தியான வேளையில், அப்பா பஞ்சில் தண்ணீர் நனைத்து அவள் உதட்டில் வைத்துக்கொண்டிருக்கும்போது போய்விட்டாள். போனது எங்களுக்கு உடனே தெரியவில்லை. நர்ஸ் வந்து கையைப் பிடித்துப் பார்த்துத்தான் சொன்னாள்.

ஊருக்குக் கொண்டுபோக ஒரு வேன் பேசினார்கள். அம்மாவைப் பாயில் வைத்துத் தூக்கி உள்ளே கிடத்தினார்கள். சித்தியும் நானும் அவள் தலைமாட்டில் உட்கார்ந்தோம். அப்பா வண்டியில் பின்னால் வருவதாகச் சொன்னார். யார் சொல்லியும் கேட்கவில்லை. வேன் கிளம்பப்போகிற நேரத்தில் ஓடிவந்து, டிரைவர் பக்கத்துக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, மேடு பள்ளத்துல மெதுவா விடுங்க. அவளுக்கு முதுகு தாங்காது."

டிரைவர் பின்னால் திரும்பி அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவிடம், "சரிண்ணே, மெதுவாவே போறேன்" என்றார். ஸ்ரீவில்லிபுத்தூர்வரைக்கும் மெதுவாகத்தான் ஓட்டினார்.